அடிக்கணக்கும் நினைவட்டையும்: குறைந்த செலவுத் திரைப்படங்களில் பதிவூடகத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த முதலீட்டில் படமெடுப்போர் படச்சுருளைக் கைக்கொள்வதா, டிஜிட்டல் முறையைக் கைக்கொள்வதா என்னும் வினா பெரும்பாலும் செலவுக் கணக்காகவோ படிமத்தின் தரம் பற்றிய விவாதமாகவோ மட்டுமே அணுகப்படுகிறது. செலவின் அளவைக் காட்டிலும், அச்செலவு படைப்புப் பணியின் எந்தக் கட்டத்தில் வந்து விழுகிறது என்பதே படத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), ‘தலைமுறைகள்’ (2013), பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) ஆகிய தமிழ்ப் படங்கள் முதன்மைச் சான்றுகளாகவும், ராபர்ட் ரோட்ரிகஸ், தாமஸ் வின்டர்பெர்க், ஷான் பேக்கர் ஆகியோரின் படங்கள் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படச்சுருள், டிஜிட்டல் ஒளிப்பதிவு, படப்பிடிப்பு விகிதம், இயல்பு ஒளி, பாலு மகேந்திரா, திரைப்பட ஆவணப் பாதுகாப்பு

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இந்தியாவில் எடுக்கப்படும் கதைப்படங்களின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அன்றைய அரசு கட்டுப்பாடு விதித்தது. நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆகவே 11,000 அடி என்பது ஏறத்தாழ 2 மணி 2 நிமிடம். பாடலுக்கு மேல் பாடலாக நீண்டுகொண்டிருந்த தமிழ்ப் படம் அந்த அளவுக்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. அதை ஒடுக்கியது எந்த அழகியல் கொள்கையும் அன்று. கப்பலில் வந்திறங்க வேண்டிய ஒரு பண்டத்தின் இருப்புக் கணக்கு.

இச்செய்தி தமிழ்த் திரைப்பட வரலாற்றில் ஒரு துணைத் தகவலாகவே நின்றுவிட்டது. கதைப்பொருள், நட்சத்திரம், கட்சி அரசியல், சாதி, பாடல் என விரிந்துள்ள தமிழ்த் திரைப்பட ஆய்வு, படம் எதன்மீது பதிவாகிறது என்பதைத் தொழில்நுட்பர்களின் வினாவாக ஒதுக்கி வைத்திருக்கிறது. பணம் மிகுந்த படத்திற்கு அவ்வாறு ஒதுக்குவது ஓரளவு பொருந்தும். பணம் குறைந்த படத்திற்குப் பொருந்தாது. அங்கே ஊடகத் தேர்வே ஒத்திகையின் அளவையும் நடிகர் தேர்வையும் விளக்குகளின் எண்ணிக்கையையும் பல வேளைகளில் கதையையும்கூட முடிவு செய்கிறது.

டிஜிட்டல் முறை திரைப்படத்தை மக்கள்மயமாக்கியது என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்பும் கூற்று. இக்கூற்று பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று. முன்பு வாயிலில் நின்ற செலவு மறைந்துவிடவில்லை. அது வீட்டின் பின்கட்டுக்கு இடம்பெயர்ந்தது.

அடியில் அளக்கப்பட்ட காலம்

2 மணிநேரப் படத்தின் இறுதி நீளம் 35 மி.மீ. அளவில் 10,800 அடி. பதிவு செய்ததற்கும் இறுதிப் படத்தில் எஞ்சுவதற்கும் உள்ள வீதம் படப்பிடிப்பு விகிதம் எனப்படும். ஒன்றுக்கு நான்கு என்னும் மிகச் சிக்கனமான விகிதத்திலும் 43,200 அடி நெகட்டிவ் தேவைப்படும். அதாவது 1,000 அடிச் சுருள்கள் 43க்கு மேல். ஒவ்வொரு சுருளும் 11 நிமிடம் ஓடித் தீரும். அதை வாங்கவும் கழுவவும் பார்வைப் பிரதி எடுக்கவும் முன்கூட்டியே பணம் வேண்டும். 16 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 36 அடியே ஓடுவதால் செலவு வெகுவாகக் குறையும். எனினும் பெருந்திரைக்காக அதை 35 மி.மீ. பிரதியாகப் பெருக்கும் செலவு பின்னர் வந்து சேரும்.

செலவு இவ்வாறு கருவியின் வாயிலிலேயே நிற்பதால், முடிவுகளும் படப்பிடிப்புக்கு முன்பே எடுக்கப்பட்டாக வேண்டும். ஒத்திகைக்குப் படச்சுருள் தேவையில்லை. ஆகவே ஏழைப் படம் ஒத்திகையில் செலவு செய்து டேக்கில் மிச்சம் பிடிக்கும். ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் 16 மி.மீ. சுருளில் எடுத்த ‘எல் மரியாச்சி’ (1992) இதற்குப் பலரும் காட்டும் சான்று. பெரும்பாலான காட்சிகள் ஒரே டேக்கில் முடிக்கப்பட்டன. கருவியின் இரைச்சல் காரணமாக உரையாடல் தனியே பதிவாயிற்று. உதட்டசைவு பொருந்தாத இடங்களில் வேறொரு துண்டு ஒட்டப்பட்டது. அப்படத்தின் துள்ளலான வெட்டுநடை என்று பாராட்டப்பட்டதன் ஒரு பகுதி இப்பொருத்தமின்மையை மறைக்கப் பிறந்தது. படத்தை வாங்கிய கொலம்பியா நிறுவனம், அதைத் திரையரங்கப் பிரதியாக மாற்றவும் ஒலியைச் சீர்செய்யவும் படத்தின் மூலச் செலவைப் போலப் பன்மடங்கு செலவிட்டது. 7,000 டாலர் என்னும் புகழ்பெற்ற எண் திரைக்கு வந்த படத்தின் விலையன்று.

டிஜிட்டல் பக்கத்தின் கணக்கை இதனோடு ஒப்பிடலாம். ஒன்றுக்கு இருபது என்னும் விகிதம் அங்கே இயல்பானது. 2 மணிநேரப் படத்திற்கு 40 மணிநேரப் பதிவு. படத்தொகுப்பாளர் நாளொன்றுக்கு 8 மணிநேரம் வீதம் பார்த்தாலும் அதை ஒருமுறை பார்த்து முடிக்கவே 5 நாள் ஆகும். புரோரெஸ் 422 எச்.கியூ. வடிவில், முழு எச்.டி. அளவில், ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 79 ஜிகாபைட் இடம் கொள்ளும். 40 மணிநேரத்திற்கு 3 டெராபைட்டுக்கு மேல். காப்புப் பிரதியோடு சேர்த்தால் இருமடங்கு. வன்தட்டின் விலை சிறிதுதான். ஆனால் தொகுப்பு அறையின் வாடகை, உதவியாளரின் சம்பளம், இயக்குநரின் முடிவெடுக்க இயலாமை ஆகியவை சிறியவை அல்ல. படச்சுருளில் இயக்குநர் கருவியை ஓட்டுமுன் தயங்குவார். டிஜிட்டலில் ஓட்டி முடித்த பின் தயங்குவார். முந்தைய தயக்கத்திற்குச் சம்பளம் இல்லை.

ஒன்பதாவது விதி

1995இல் லார்ஸ் வான் டிரியரும் தாமஸ் வின்டர்பெர்க்கும் வெளியிட்ட டோக்மா 95 அறிக்கையின் ஒன்பதாவது விதி, படத்தின் வடிவம் அகாதெமி 35 மி.மீ. ஆக இருக்க வேண்டும் என்கிறது. கருவியைக் கையில் ஏந்தியே படம்பிடிக்க வேண்டும், தனி விளக்குகள் கூடாது என்னும் விதிகளும் அதிலேயே உள்ளன. இவ்விதிகளின்படி வெளிவந்த முதற்படமான வின்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’ (1998) எடுக்கப்பட்டதோ, குடும்ப விழாக்களைப் பதிவு செய்ய விற்கப்பட்ட சோனி மினி-டிவி கைக்கருவியில். 35 மி.மீ. என்பது திரையிடும் பிரதிக்கான விதி, படம்பிடிக்கும் கருவிக்கானதன்று என்று விதிக்குப் புதுப்பொருள் கூறப்பட்டது. (நூற்பாவை விட்டுவிடாமல் உரையால் வளைப்பது தமிழ் இலக்கண மரபுக்கும் புதிதன்று.)

இவ்வுரை வெறும் சாக்கன்று. ‘ஃபெஸ்டன்’ ஒரு தந்தையின் 60ஆம் பிறந்தநாள் விருந்தில் குடும்பத்தின் கொடிய மறைபொருள் வெளிப்படும் கதை. விழாக்களில் சிற்றப்பாவோ மாமாவோ கையில் வைத்திருக்கும் அதே வகைக் கருவி, விருந்து மேசையின் நடுவே ஆட்களின் தோளிடுக்கில் புகுந்து பார்க்கிறது. ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில் விளக்கு வைக்காததால், மாலை இரவாக ஆக ஆகப் படிமம் புள்ளி புள்ளியாகச் சிதைகிறது. மினி-டிவியின் இக்குறை கதையின் சிதைவோடு சேர்ந்து நடக்கிறது. அதே படம் 35 மி.மீ. நெகட்டிவில் எடுக்கப்பட்டிருந்தால், விளக்குகள் வைத்தாக வேண்டும். விளக்கு வைத்தால் நடிகர் குறிப்பிட்ட இடத்தில் நின்றாக வேண்டும். வறுமை இங்கே கதைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஒளித்துவைக்கப்படவில்லை.

சிறு கருவியின் இரட்டை முகம்

தமிழில் இதற்கு நெருக்கமான நிகழ்வு ‘வழக்கு எண் 18/9’. எஸ். டி. விஜய் மில்டன் இதனை கேனான் 7டி என்னும் ஒளிப்படக் கருவியால் படம்பிடித்தார். அக்கருவியின் உணரியின் பரப்பு 35 மி.மீ. திரைப்படச் சட்டகத்தை ஒட்டியது. ஆகவே மினி-டிவியில் கிட்டாத மென்மையான பின்புல மங்கல் இதில் கிட்டியது. ஆனால் பதிவாகும் காணொளி கடுமையாகச் சுருக்கப்பட்டது. வெளுத்துப்போன வானத்தைப் பின்னர் மீட்க இயலாது. கருவியை வேகமாகத் திருப்பினால் நேர்கோடுகள் சாயும். ஒரு சுவையான ஒற்றுமை: அக்கருவியின் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது என்பதால் தொடர்ச்சியான பதிவு 12 நிமிடத்தோடு நின்றுவிடும். 1,000 அடிச் சுருளின் 11 நிமிடத்திலிருந்து அதிகத் தொலைவு வந்துவிடவில்லை.

இப்படத்தைப் பற்றிய பாராட்டுகள் பெரும்பாலும் அதன் ‘யதார்த்த’த்தைக் கருவியின் சிறுமையோடு இணைத்தன. நடைபாதைக் கடை, மக்கள் நெரிசல், கூட்டம் திரும்பிப் பார்க்காத படப்பிடிப்பு, புதுமுகங்கள் ஆகியவை சிறு கருவியால் எளிதாயின என்பது உண்மை. ஆனால் முக்கியமான ஒன்று இப்பாராட்டில் விடுபட்டது. படத்தின் கதையில், வசதிமிக்க பள்ளி மாணவன் தினேஷ், ஆர்த்தி என்னும் பெண்ணை அவள் அறியாமல் கைப்பேசியில் படம்பிடிக்கிறான். குற்றத்தின் வித்து அங்கேதான் இருக்கிறது. முடிவில் அமிலம் விழுவது வீட்டுவேலை செய்யும் ஜோதியின் முகத்தில். யாரும் கவனிக்காத சிறு கருவி, காண்பதற்குரிய உரிமை இல்லாததைக் காண்கிறது. அதே கவனிக்கப்படாமைதான் இப்படக் குழுவிற்குத் தெருவைத் திறந்துவிட்டது.

இயக்குநர் இவ்விரட்டையை எண்ணிச் செய்தாரா என்பது இங்கு முதன்மையன்று. படம் முழுவதும் கருவி வேலுவையும் ஜோதியையும் தொலைவிலிருந்து நோக்குகிறது. தினேஷின் கைப்பேசிச் சட்டகமோ நெருங்கித் துருவுகிறது. சிறு கருவி தன்னளவில் ஏழைகளின் பக்கமும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. மக்கள்மயமாதல் என்னும் சொல்லால் இதைக் கடந்துவிட முடியாது.

ஒரே ஒளிப்பதிவாளர், இரு ஊடகங்கள்

ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றவர் பாலு மகேந்திரா. புணே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர்; தம் படங்களைத் தாமே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்தவர். குறைந்த செலவை இயலாமையாகக் கருதாது ஒழுங்காகக் கொண்டவர். ‘வீடு’ படச்சுருளிலும், இறுதிப் படமான ‘தலைமுறைகள்’ கேனான் 5டி ஒளிப்படக் கருவியிலும் உருவாயின. இடையே கால் நூற்றாண்டு.

‘வீடு’ படத்தின் இயல்பு ஒளி பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வொளி எவ்வாறு வாய்த்தது என்பது குறைவாகவே பேசப்பட்டது. அக்காலத்து விரைவு வண்ண நெகட்டிவ்களின் உணர்திறன் 400, 500 ஏ.எஸ்.ஏ. எல்லையை ஒட்டியே நின்றது. மூடிய நடுத்தர வர்க்க அறையை விளக்கின்றிப் படம்பிடிப்பது அரிது. ஆனால் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டிற்குக் கூரை இல்லை, சாளரங்களுக்குக் கதவில்லை. கதையே ஒளியை உள்ளே விடுகிறது. சுதாவின் தாத்தா முருகேசன் (சொக்கலிங்க பாகவதர்) தனியே சென்று பாதி எழும்பிய சுவர்களுக்கிடையே நடந்து, அவற்றைத் தொட்டுப் பார்க்கும் புகழ்பெற்ற காட்சியின் அழகு இதனால் அமைந்தது. ஒளி மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தடையின்றி விழுகிறது. நடிகர் எங்கு வேண்டுமாயினும் நடக்கலாம். உரையாடலின்மையால் ஒலிப்பதிவுச் சிக்கலும் இல்லை. இளையராஜாவின் இசை போதும். முதியவர் அங்கிருந்து திரும்பும் வழியில் இறந்துபோகிறார். முடிவடையாத வீடு என்னும் படிமம் ஒரு பொருளாதார அவலத்தின் குறியீடு என்பதில் ஐயமில்லை. அது படச்சுருளின் தேவைக்கு ஏற்ற ஒளிக்கூடமும் ஆகும் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதே, குறைந்த செலவில் கலைஞன் எவ்வாறு சிந்திக்கிறான் என்பது விளங்கும்.

‘தலைமுறைகள்’ படத்தில் இத்தேவை இல்லை. டிஜிட்டல் உணரி மங்கிய அறையிலும் பார்க்கும். ஆகவே கருவி வீட்டிற்குள் நிம்மதியாக அமர்கிறது. மகன் கிறித்தவப் பெண்ணை மணந்ததால் உறவைத் துண்டித்த கிராமத்து முதியவர், தமிழ் அறியாத பேரனோடு நெருங்குவதே கதை. முதியவராக நடித்தவர் பாலு மகேந்திராவே. ஒளிப்பதிவாளரே முதன்மை நடிகராகவும் அமையும்போது, தாம் நடித்ததை உடனடியாகத் திரையில் பார்க்க முடிவது பெரிய வசதி. படச்சுருளில், ஆய்வகத்திலிருந்து பார்வைப் பிரதி வரும்வரை ஒளிப்பதிவாளன் தன் நினைவை நம்பியிருப்பான். குழந்தை நடிகருக்கும் இதே வசதி உதவுகிறது. குழந்தையின் கவனம் கலைவதற்கு அடிக்கணக்கு கிடையாது.

எனினும் ‘தலைமுறைகள்’ காட்சிகளில் ‘வீடு’ படத்தின் இறுக்கம் இல்லை. முந்தைய படத்தில் ஒரு காட்சி தன் வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும். பிந்தைய படத்தில் ஆற்றங்கரை நடை, பாடம் சொல்லித்தரும் பொழுது போன்றவை கதைக்குத் தேவையான அளவைத் தாண்டி நிற்கின்றன. இதை முதுமையின் நிதானம் என்று கொள்வதற்கு இடமுண்டு. பேரனோடு கழியும் பொழுது நீள வேண்டும் என்று அக்கதை கேட்கவும் செய்கிறது. ஆயினும் சில உரையாடல் காட்சிகளின் தளர்வு கதை கேட்ட தளர்வன்று. நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லாததால் வந்தது. பின்புலத்தை மங்கலாக்கும் பெரிய உணரியின் பழக்கமும் சில இடங்களில் முகத்தை அதன் சூழலிலிருந்து பிரித்துவிடுகிறது. ‘வீடு’ படத்தில் சுதாவின் முகத்திற்குப் பின்னால் செங்கலும் சிமென்ட்டும் எப்போதும் தெரிந்துகொண்டிருந்தன; தெரிய வேண்டியிருந்தது.

திரும்பிச் சென்றவர்

பதிவூடக வரலாற்றை படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு என ஒருதிசைப் பயணமாகக் காண்பதற்கு எதிரான சான்று அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர். ஏறத்தாழ 1 லட்சம் டாலரில் உருவான ‘டாஞ்சரின்’ (2015) ஐபோன் 5எஸ் கைப்பேசிகளில், அகலத்திரை வில்லை இணைத்துப் படமாயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் திருநங்கையர் இருவரின் ஒருநாள் அலைச்சல் அப்படம். பணமின்மையே கைப்பேசிக்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்த படமான ‘தி ஃபுளோரிடா பிராஜெக்ட்’ (2017) 35 மி.மீ. சுருளுக்குத் திரும்பியது, ஆனால் அதன் இறுதிக் காட்சி டிஸ்னி பூங்காவிற்குள் அனுமதியின்றிக் கைப்பேசியில் எடுக்கப்பட்டது. பெரிய கருவி நுழைய முடியாத இடத்தில் சிறியது நுழைந்தது. பின்னர் ‘ரெட் ராக்கெட்’ (2021), ஏறத்தாழ 11 லட்சம் டாலரில், சிறு குழுவோடு 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது.

இத்தேர்வுகளில் எதுவும் ஊடகப் பற்றின் விளைவாகத் தோன்றவில்லை. எந்தச் செலவை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது என்று ஒவ்வொரு கதைக்கும் தனியே கேட்கப்பட்டிருக்கிறது. தமிழ்ச் சூழலில் இவ்வினாவைக் கேட்கும் சுதந்திரமே சுருங்கிவிட்டது. கோடாக் நிறுவனம் 2012 சனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. ஃபூஜி நிறுவனம் 2013இல் திரைப்படச் சுருள் உற்பத்தியை நிறுத்தியது. சென்னையின் ஆய்வகங்களும் அடுத்தடுத்து நெகட்டிவ் கழுவுவதைக் கைவிட்டன. இன்று இங்கே 16 மி.மீ. சுருளில் குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர், சுருளின் விலையோடு அதைத் தொலைதூர ஆய்வகத்திற்கு அனுப்பும் செலவையும் காத்திருப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவருக்கு டிஜிட்டல் என்பது தேர்வன்று.

டிஜிட்டல் சிக்கனம் திரையரங்கின் வாயிலிலும் சோதனைக்குள்ளானது. பிரதிச் செலவு மறைந்த இடத்தில், திரையிடல் வசதி வழங்கும் நிறுவனங்கள் தயாரிப்பாளரிடம் வாங்கும் வி.பி.எஃப். கட்டணம் வந்து அமர்ந்தது. அக்கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் வாரக்கணக்கில் புதிய தமிழ்ப் படங்கள் வெளிவராமல் நின்றன. பெரிய படத்திற்கு அக்கட்டணம் ஒரு வரி. ஒரு வாரம்கூட ஓடுமா என்று தெரியாத சிறிய படத்திற்கு, அது கருவியில் மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கேட்கும் கடன்.

எஞ்சும் மூலம்

அமெரிக்க அகாதெமி 2007இல் வெளியிட்ட ‘டிஜிட்டல் டைலமா’ என்னும் அறிக்கை, 4கே டிஜிட்டல் மூலத்தைப் பேண ஆண்டுக்கு 12,514 டாலரும், படச்சுருள் மூலத்தைப் பேண 1,059 டாலரும் ஆகும் என்று மதிப்பிட்டது. சேமிப்பகத்தின் விலை அதன்பின் மாறியிருக்கலாம். கணக்கின் இயல்பு மாறவில்லை. குளிர்ந்த, ஈரமற்ற அறையில் சுருள் தன்பாட்டில் கிடக்கும். கோப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டிற்கும் புதிய வடிவத்திற்கும் யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2012இல் வந்த அறிக்கையின் இரண்டாம் பகுதி தனியார் சிறு தயாரிப்பாளர்களையே முதன்மையாகக் கருதியது. நிறுவனப் பின்புலம் இல்லாதவரிடம் அந்த ‘யாராவது’ இருப்பதில்லை.

இதனால் படச்சுருள் பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவதற்கும் இடமில்லை. அதற்கு எதிர்ச்சான்று ‘வீடு’ படமே. தேசிய விருதுகள் பெற்ற அப்படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா பலமுறை வருத்தத்தோடு குறிப்பிட்டுள்ளார். தமிழ்ப் படங்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று வற்புறுத்தியும் வந்தார். புணேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருந்தும் இது நேர்ந்தது. நெகட்டிவ் ஆய்வகத்தில் கிடந்தது. ஆய்வகத்தைப் பொறுத்தவரை அது இடத்தை அடைக்கும் பழைய சரக்கு. குளிரறைக்குப் பணம் தேவைப்பட்டது. குறைந்த செலவுப் படத்தின் கணக்கேட்டில் அந்த வரி எழுதப்படவே இல்லை.

ஆகவே இன்று வகுப்பறைகளில் காட்டப்படும் ‘வீடு’ ஒரு காணொளிப் பிரதி. கூரையற்ற சுவர்களில் விழும் அவ்வொளியின் நுண்மை பற்றி எழுதுவோர், இந்த ஆய்வுரை உட்பட, வெளுத்த வானமும் கரைந்த நிழலும் கொண்ட ஒரு நகலிலிருந்தே எழுதுகின்றனர். நெகட்டிவில் இருந்தது எது, நகலில் ஏறிய குறை எது என்று பிரித்துச் சொல்வது இனி இயலாது. ‘தலைமுறைகள்’ படத்திற்கு அந்நிலை வராமலிருக்க, அதை நாடிச் செல்லும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியவை மிக எளிய வினாக்கள்: கருவியிலிருந்து இறங்கிய மூலக் கோப்புகள் எந்தத் தட்டில் உள்ளன, எத்தனை படிகளாக உள்ளன, கடைசியாக எந்த ஆண்டில் திறந்து பார்க்கப்பட்டன.